முத்துக் கழுத்துக் கவுன்

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் சாயங்காலம் பிரிஸ்கில்லாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. ‘வாடகைக் கவுன் வாடிக்கையாளரிடமிருந்து எடுக்கப்பட்டது.’ ஏப்ரல், மே மாதமாக இருந்தால் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். அப்போதெல்லாம் நாள் முழுக்கப் போன் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் இது நவம்பர். வாடகைக்குப் போன கவுன்கள் எல்லாம் எப்போதோ திரும்பி வந்து, துவைத்து, கஞ்சி போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் முன்னறைக் கம்பிகளில் வரிசையாகத் தொங்குகின்றன. வெளியே ஒரு கவுன்கூடக் கிடையாது.

மழைக்காலத்தில் நெட் சரியாக இருக்காது, பழைய செய்தி ஏதாவது இப்போது வந்து சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கையிலிருந்த வேலையைத் தொடர்ந்தாள். சிறுமலைப் பக்கமிருந்து வந்த மழை வாசல் தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அறைக்குள் கஞ்சி வாசமும், பாச்சை உருண்டை வாசமும், காயாத துணியின் புழுங்கிய வாசமும் ஒன்றோடொன்று கலந்து நின்றன. பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

எடுக்கப்பட்ட கவுன்: முத்துக் கழுத்து, அளவு இருபத்தெட்டு. வாடிக்கையாளர் பெயர்: லிடியா.

போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். லிடியா அவளுடைய மகள். மே மாதம் அடக்கம் செய்த மகள். அந்த முத்துக் கழுத்துக் கவுனைப் போட்டுத்தான் அடக்கம் செய்தார்கள்.

பிரிஸ்கில்லாவின் தொழில் புதுநன்மைக் கவுன். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகள் எட்டு ஒன்பது வயதில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாளைத்தான் புதுநன்மை என்பது. அன்றைக்குப் பெண் பிள்ளை தரையைத் தொடுகிற வெள்ளைக் கவுனும், தலையில் பூமுடியும், முக்காடும், கையில் மெழுகுவத்தியுமாகக் குட்டிக் கல்யாணப்பெண் கணக்காக நிற்க வேண்டும். ஒரே ஒரு நாள் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் வைக்கிற உடுப்பைச் சொந்தமாக வாங்க எல்லோருக்கும் மனசு வராது. அதனால் வாடகை. முதலில் தெருப் பிள்ளைகளுக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிற அவள் புருஷன் சார்லஸ், ஒரு லீவு நாளில் உட்கார்ந்து அதை இன்டர்நெட்டில் ஏற்றிவிட்டான். அதற்கப்புறம் சித்தையன்கோட்டைக்கும் குஜிலியம்பாறைக்கும் போன கவுன்கள் திருச்சிக்கும் பெங்களூருக்கும் போக ஆரம்பித்தன. கூரியரில் போகும், விழா முடிந்ததும் கூரியரிலேயே திரும்பும்.

திரும்பி வருகிற கவுனைப் பார்த்தே அதைப் போட்ட பிள்ளை எப்படிப்பட்டது என்று பிரிஸ்கில்லா சொல்லிவிடுவாள். முழங்கால் இடத்தில் புழுதி இருந்தால் ஓடி விளையாடிய பிள்ளை. ஒரு பக்கக் கை மட்டும் கசங்கியிருந்தால் நாள் முழுக்க அம்மாவை ஒட்டிக்கொண்டே நின்ற பிள்ளை. சேவுகம்பட்டிக்குப் போய்வந்த ஒரு கவுனின் முதுகு முழுக்கக் கேக் அப்பியிருந்தது. அந்த வீட்டு அம்மா போனில் அதை மெழுகு என்று சாதித்தாள். பிரிஸ்கில்லா மோந்து பார்த்துவிட்டு, “அன்னாசிப்பழ மெழுகாக்கா?” என்று கேட்டாள்.

ஒவ்வொரு கவுனின் உள்தையலிலும் நகம் அளவுக்கு ஒரு துணி வில்லை, அதில் கோடு கோடாக அச்சு. கவுன் வெளியே போகும்போது போனை அதன்மேல் காட்டினால் ஒரு பெண் குரல் ‘வெளியே, ஒன்று’ என்று சொல்லும். திரும்பி வந்ததும் காட்டினால் ‘உள்ளே, ஒன்று’. இருப்பு தானாகவே கூடும், குறையும். திருப்ப வேண்டிய தேதி வந்துவிட்டால், போய் எடுத்து வா என்று கூரியர்காரனுக்கு அதுவே உத்தரவு போட்டுவிடும். பெண்டாட்டி ஊரார் வீட்டுக்கெல்லாம் போன் போட்டுக் கெஞ்சக் கூடாது என்று சார்லஸ் செய்து கொடுத்த ஏற்பாடு இது. தையல் மிஷினைவிட அவளுக்கு அதுதான் பெரிய துணையாக இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்வது லிடியாதான். வெள்ளைக் கவுன்களுக்கு நடுவே புகுந்து ஒவ்வொன்றாகக் காட்டி, போன் பேசுவதற்கு முன்னால் தானே அந்தக் குரலில் ‘உள்ளே, ஒன்று’ என்பாள். வயசுக்குக் குள்ளமான பிள்ளை. காலைக் கூட்ட வரிசையில் எப்போதும் முதல் ஆள், அது அவளுக்கு ஆறாத குறை. அளவு வாரியாகத் தொங்குகிற கம்பிகளில் முப்பது என்று எழுதிய கம்பிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள்.

“எப்பம்மா நான் முப்பது போடுவேன்?”

“சோத்த ஒழுங்காத் தின்னா போடலாம்.”

“வெஞ்சனம் நல்லா இருந்தாத் திம்பேன்ல.”

அவளுக்கென்று ஒரு சாட்டின் துணி வாங்கி வைத்திருந்தாள் பிரிஸ்கில்லா. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தைத்து அனுப்பிவிட்டு, கடைசியாக நம் பிள்ளைக்கு ஆசைதீரத் தைக்கலாம் என்று அலமாரியில் மடித்து வைத்தது மடித்தபடியே இருந்தது. புதுநன்மைக்கு முந்தின வாரம் லிடியாவுக்குக் காய்ச்சல் வந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற காய்ச்சல் மாதிரிதான் வந்தது. ஆனால் அது விட்டுப் போகவில்லை, பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

உடுத்தி அனுப்ப உடுப்பு இல்லை. ஊருக்கே கவுன் தைக்கிறவளின் பிள்ளைக்குக் கவுன் இல்லை. கம்பியில் கைக்கு அகப்பட்டது முத்துக் கழுத்து வைத்த இருபத்தெட்டாம் அளவு. லிடியாவுக்கு அது நீளம். ஊசியில் அப்போது கோத்திருந்த ஊதா நூலாலேயே அடிப்பக்கத்தை உள்ளே மடித்துத் தைத்தாள். சார்லஸ் ஒரு வெள்ளைப் பெட்டி கொண்டுவந்தான். அந்த நேரத்தில் வில்லையைப் போனில் காட்ட யாருக்குத் தோன்றும்? கவுன் வீட்டை விட்டுப் போனது. இருப்பில் மட்டும் போகவில்லை.

ஜூன் மாதம் யாரோ ஒரு அம்மா அதே கவுனைப் பதிவு செய்தபோதுதான் அது தெரிந்தது. சார்லஸ் மெதுவாகச் சொன்னான், “அத எடுத்துருவோம் பிரிசி. நான் பண்ணட்டா?”

“நானே பண்றேன்” என்று அவள்தான் போனை வாங்கினாள். இருப்பிலிருந்து ஒரு கவுனை எடுக்க அந்தப் போன் காரணம் கேட்கும். விற்றது, கிழிந்தது, தொலைந்தது, வாடகைக்குப் போனது. நாலே நாலுதான். என் பிள்ளையை நான் விற்கவில்லை. அவள் கிழியவில்லை. தொலையவும் இல்லை, எங்கே படுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். வெகுநேரம் அழுதுவிட்டு ‘வாடகைக்குப் போனது’ என்பதைத் தொட்டாள். பெயர் கேட்டது, மகள் பெயரைப் போட்டாள். விலாசம் கேட்டது, கல்லறைத் தோட்டத்தைப் போட்டாள். போன் நம்பர் கேட்டது, லிடியா விளையாட வைத்திருந்த பழைய போனின் நம்பரைப் போட்டாள். திருப்ப வேண்டிய தேதி கேட்டது. நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். எப்படியும் அன்றைக்கு அவளைப் பார்க்கப் போவோம் என்ற ஒரே நினைப்பில் போட்ட தேதி அது. சார்லஸிடம் எடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு, பிள்ளை வாடகைக் கவுனோடு எங்கேயோ ஊருக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டால் அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

இப்போது அந்தத் தேதி தாண்டிவிட்டது.

கூரியர் பையன் அஜித்துக்குப் போன் போட்டாள். ஆகஸ்டில்தான் இந்த ஏரியாவுக்கு வந்தவன், லிடியாவை அவனுக்குத் தெரியாது.

“அஜித்து, ஒரு ரிட்டன் எடுத்தியாப்பா? லிடியாங்கிற பேர்ல.”

“ஆமாக்கா. நேத்து எடுத்தேன், இன்னைக்குத்தான் சிஸ்டத்துல ஏத்துனேன்.” மழைக்கு மேலே குரலை உயர்த்திப் பேசினான். “கல்லறைத் தோட்டம்னு போட்டிருந்துச்சு. பக்கத்துல ஏதாச்சும் வீடா இருக்கும்னு இரும்புக் கேட்டுகிட்டப் போய் நின்னேன். மழைக்குக் கூட்டமெல்லாம் கலைஞ்சு போச்சு. உள்ளயிருந்து ஒரு பாப்பாவே கொண்டாந்து குடுத்துச்சுக்கா.”

“எந்தப் பாப்பா?”

“உங்க சொந்தக்காரப் பிள்ளைன்னு நெனச்சேன். ஓடிபி கேட்டேன், கரெக்டாச் சொல்லுச்சு.”

“மொகத்தப் பாத்தியா?”

“இல்லக்கா. கம்பிக்கு அங்குட்டுக் குத்தவச்சு உக்காந்திருந்துச்சு. எந்திரி பாப்பான்னேன், எந்திரிக்கல. தலையக் குனிஞ்சமேனிக்குப் பைய கேட்டுக்குக் கீழ தள்ளிவிட்டுச்சு. கால் சரியில்லாத பிள்ளை போலன்னு விட்டுட்டேன். பெரிய பிள்ளைக்கா. பதினொண்ணு, பன்னெண்டு வயசு இருக்கும்.”

பெரிய பிள்ளை. பிரிஸ்கில்லாவுக்கு மூச்சு வந்தது. அப்படியானால் லிடியா இல்லை. பூ விற்கிறவர்களின் பிள்ளை யாராவது, ஏதோ ஒரு பையை எடுத்துக் கொடுத்து விளையாடியிருக்கும். அப்படியே நினைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள், தண்ணீர் வைத்தாள், தேயிலை போட்டாள். அப்புறம்தான் ஓடிபி ஞாபகத்துக்கு வந்தது.

திரும்ப எடுக்கும்போது வருகிற அந்த நாலு எண் வாடிக்கையாளரின் போனுக்குத்தான் போகும். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

பீரோவைத் திறந்தாள். லிடியாவின் உடுப்புகளுக்கு அடியில் அந்தப் பழைய போன் கிடந்தது. ஜூனுக்குப் பிறகு அதற்குச் சார்ஜ் போடவே இல்லை. எடுத்தபோது கதகதப்பாக இருந்தது, சற்று முன்புவரை யாரோ கையில் வைத்திருந்த மாதிரி. திரை விழித்துக்கொண்டது. நேற்றைய தேதியில் ஒரே ஒரு செய்தி, நாலு எண்கள். திறந்து படித்த செய்தி. திரையின் ஓரத்தில் ஒரு சொட்டு மெழுகு உறைந்திருந்தது.

பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நேற்று அவளும் சார்லஸும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். தூறல் விழுந்ததும், நனைந்தால் சளி பிடிக்கும் என்று சார்லஸ் சொல்ல, கிளம்பி வந்துவிட்டார்கள். பிள்ளையை மழையில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று நினைத்தாள். அடுப்பில் தேநீர் பொங்கி வழிந்து தீ அணைந்தது.

பயம் அதற்குப் பிறகுதான் உருவம் எடுத்தது. கவுன் திரும்பி வருகிறது. அப்படியென்றால் மகள் இப்போது எதை உடுத்திப் படுத்திருக்கிறாள்? அந்த ஈர மண்ணில் மேலுக்கு ஒரு துணிகூட இல்லாமலா? கடைசியாகக் கொடுத்த ஒரே பொருளையும் அம்மா திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பிவிட்டாள் என்றல்லவா அந்தப் பிள்ளை நினைத்திருக்கும்? போனை எடுத்து ரத்து செய்யப் பார்த்தாள். ‘எடுக்கப்பட்ட பார்சலை ரத்து செய்ய இயலாது’ என்றது போன். மறுபடி தொட்டாள். மறுபடியும் அதையே சொன்னது.

ஷிப்ட் முடிந்து வந்த சார்லஸிடம் அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால், நீ எதைத் தொட்டாய் என்று கேட்பான்.

விடிந்ததும் கல்லறைக்குப் போனாள். ஈரத்தில் செவ்வந்திப் பூக்கள் கன்றிப்போய்க் கிடந்தன. மெழுகு உருகி மண்ணோடு ஒட்டியிருந்தது. குழிமேட்டு மண் கலையவில்லை. ஒரு எறும்புப் புற்றுக்கூட இடம் மாறவில்லை. முழங்காலிட்டுத் தொட்டுப் பார்த்தாள். “அம்மா கேக்கலடா கண்ணு. அது மிஷின் கேட்டது” என்று மண்ணிடம் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

பகல் முழுக்கப் போன் அவ்வப்போது பேசிக்கொண்டிருந்தது. பார்சல் திண்டுக்கல் கிடங்குக்கு வந்தது. எடை சரிபார்க்கப்பட்டது. டெலிவரிக்குக் கிளம்பிவிட்டது. அவள் எதுவும் சாப்பிடாமல் மிஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் சார்லஸ் சாப்பாட்டுத் தூக்கோடு மில்லுக்குக் கிளம்பினான். போகிற போக்கில் அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனான். அந்தக் கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லிவிடலாமா என்று இருந்தது. அதற்குள் அவன் படியிறங்கிவிட்டான்.

இருட்டுகிற நேரத்தில் மழை வலுத்து கரண்ட் போனது. பேட்டரி விளக்கைப் பொருத்தி வெட்டுமேசைமேல் வைத்தாள். வெள்ளை வெளிச்சத்தில் கம்பிகளில் தொங்கிய கவுன்களின் நிழல்கள் சுவரில் ஒன்றன்பின் ஒன்றாக, அளவு வாரியாக நின்றன. வாசலில் வண்டிச் சத்தம். அஜித் உள்ளே வரவில்லை. வாசல்படியிலேயே பையை வைத்தான்.

“தண்ணி குடிச்சிட்டுப் போப்பா.”

“இல்லக்கா, வாரேன்.” பையைத் தொட்ட கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். “கிடங்குல இத எங்க வச்சாலும் சுருண்டுக்கிருதுக்கா. மேல எதையும் வைக்க முடியல.” அதைச் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வருத்தப்பட்டவன் போல அவசரமாக வண்டியை எடுத்தான்.

கவுனைத் திருப்பி அனுப்ப பிரிஸ்கில்லாவே வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற பைதான். கவுனோடு ஒன்று மடித்து அனுப்புவாள். அவள் கல்லறைக்கு அதை அனுப்பவில்லை. பையை மேசைக்குக் கொண்டு வந்தாள். மெழுகு வாசம், வாடிய செவ்வந்தி வாசம், அடியில் மழை நனைத்த மண் வாசம். இத்தனைக்கும் அடியில், அவளால் மறக்கவே முடியாத ஒரு வாசம், பிள்ளைத் தலையின் தேங்காய் எண்ணெய். அந்த வாசத்தில் அவளுடைய பயம் பாதி கரைந்துவிட்டது. பையைப் பிரித்தாள்.

முத்துக் கழுத்து. அவள் கோத்த முத்துகள். வில்லையின் மேல் போனைக் காட்டினாள். ‘உள்ளே’ என்று அந்தப் பெண் குரல் ஆரம்பிப்பதற்குள், பீரோ இருந்த அறையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று அதைச் சொல்லி முடித்தது.

‘உள்ளே, ஒன்று.’

திரும்பிப் பார்த்தாள். இருட்டு. மழைச் சத்தம். பீரோக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. பிறகு கையிலிருந்த போன் கணீரென்று ஒலித்தது. ‘வாடிக்கையாளர் மாற்றுக் கவுன் கேட்டுள்ளார். காரணம்: அளவு சிறியது. தேவையான அளவு: முப்பத்திரண்டு.’

பிரிஸ்கில்லா அதை மூன்று நான்கு தடவை படித்தாள். பின்பு கவுனின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஊதா நூலால் மடித்துத் தைத்திருந்த தையல் பிரிக்கப்பட்டிருந்தது. அறுக்கவில்லை, கிழிக்கவில்லை. துணிக்கு நோகாமல் ஒன்று விட்டு ஒன்றாக நூலைத் தூக்கி எடுத்திருந்தது. அப்படித் தையல் பிரிக்க லிடியாவுக்கு அவள்தான் சொல்லிக் கொடுத்தாள். உள்ளே மடித்த துணி முழுசும் கீழே இறங்கியிருந்தது. அதுவும் பற்றாமல் அக்குளில் இரண்டு பக்கமும் தையல் விட்டிருந்தது.

வளர்ந்துவிட்டாள்.

பெரிய பிள்ளைக்கா என்று அஜித் சொன்னானே. முப்பதுகூட இல்லை, முப்பத்திரண்டு. ஆறே மாதத்தில் எந்தப் பிள்ளை இப்படி வளரும் என்று புத்தி கேட்டது, அவள் காதில் வாங்கவில்லை. ஆறு மாதமாக வராத சிரிப்பு ஒன்று, அழுகையோடு சேர்ந்து வந்தது. அம்மா கவுனைத் திருப்பிக் கேட்டுவிட்டாள் என்று பிள்ளை கோபப்படவில்லை. போட்டால் பற்றவில்லை, அதனால்தான் அனுப்பியிருக்கிறாள்.

வாடகைக் கவுன் எதற்கு? அலமாரியிலிருந்து அந்தச் சாட்டின் துணியை எடுத்து மேசைமேல் விரித்தாள். வெட்டப்படாமல் கிடந்த துணி விளக்கு வெளிச்சத்தில் பால் நிறத்தில் மினுங்கியது. “செத்த நேரம் பொறுத்துக்கடா. அம்மா தச்சுட்டு வாரேன்” என்று பீரோ இருந்த பக்கமாகச் சொன்னாள். நாடாவை எடுத்தாள், சாக்கட்டியை எடுத்தாள். முப்பத்திரண்டாம் அளவுக்குத் தோள் இவ்வளவு, மார்பு இவ்வளவு. எழுதி வைக்காமலே கைக்குத் தெரிந்த கணக்கு. தோளிலிருந்து பாதம் வரைக்கும் நாற்பத்தாறு அங்குலம். கோடு போட்டாள். தலையில் பூமுடி வைக்க வேண்டுமே, கழுத்தும் தலையும் சேர்த்து ஒன்பது. மொத்தம் நாலடி ஏழு அங்குலம். “எம்புட்டு ஒசரம் ஆயிட்டா” என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சாக்கட்டி துணிமேல் நின்றது.

நாலடி ஏழு.

போனை எடுத்தாள். மில் இரைச்சலுக்கு நடுவே சார்லஸின் குரல் வந்தது.

“என்ன பிரிசி?”

“ஏங்க. நம்ம பிள்ளைக்கு வாங்குன பெட்டி எம்புட்டு நீளங்க?”

அவன் எங்கோ ஒதுங்கி நடந்துபோவது தெரிந்தது. கதவு ஒன்று சாத்தப்பட்டது.

“எதுக்குப் பிள்ள இப்ப அதக் கேக்குற?”

“சொல்லுங்க.”

“நாலடி.” என்றான். “நம்ம பிள்ளைக்கு அதுவே பெருசா இருந்துச்சே பிரிசி. கால்மாட்டுல தலகாணி வச்சு அண்டக் குடுத்தோமே.”

அவள் போனைக் கீழே வைத்தாள். அவன் பிரிசி, பிரிசி என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

திரும்பி வந்த கவுனை இப்போதுதான் அவள் சரியாகப் பார்த்தாள். திரும்பி வருகிற எல்லாக் கவுன்களையும் பார்ப்பது போல. தோள்பட்டை இரண்டிலும் துணி நைந்திருந்தது, நைந்த இடத்தில் மரச் சிராய்கள் குத்தி நின்றன. முதுகில், நடுமுதுகில், கூன்போட்டு எதிலோ உரசி உரசித் தேய்ந்த வட்டம். துணி சுருண்ட வாக்கில், முழங்கால் இரண்டும் புடைத்த இடம் மார்புக்குப் பக்கத்தில் இருந்தது. முன்கழுத்தில் முத்துகள் நசுங்கியிருந்தன, மோவாய் அழுந்திய இடம். கைகள் கசங்கவே இல்லை. கையை அசைக்க இடம் இருந்திருக்காது.

எந்திரி பாப்பான்னேன். எந்திரிக்கல.

கவுனை மேசைமேல் மல்லாக்க வைத்தாள். கழுத்துக்கு மேலே தலைக்கு ஒன்பது அங்குலம் விட்டு, பக்கத்தில் நாடாவை நீட்டினாள். இரண்டு கைகளாலும் கவுனை நீவினாள், கழுத்திலிருந்து கால்வரை, பிள்ளைக்குக் கால் பிடித்துவிடுவது மாதிரி. கையை எடுத்தாள்.

முழங்கால் இடம் எழும்பியது.

மறுபடி நீவினாள். அழுத்தினாள். முழு உடம்பின் பாரத்தையும் போட்டு அழுத்திப் பிடித்தாள். “நீட்டுடா. காலை நீட்டுடா கண்ணு. இங்க இடம் இருக்கு.”

கையை எடுத்தாள்.

முழங்கால் மேலே வந்தது. முதுகு வளைந்தது. நசுங்கிய முத்துகள் மார்பை நோக்கிக் குனிந்தன. மெதுவாக, பழக்கப்பட்ட வேலையைச் செய்வது போல மெதுவாக, கவுன் ஒருக்களித்துச் சுருண்டது. நாடாவில் நாலடிக் கோட்டுக்கு உள்ளே வந்ததும் அசையாமல் படுத்துக்கொண்டது.